ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்

பொற்கொடிக்கு வாரம் பிறப்பது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிரைண்டரில் மாவு ஓடும்போது. உளுந்தைக் கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டே வரப்போகும் வாரத்தை வாய்விட்டுச் சொல்வாள். மகள் கிருபா எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும். திங்களும் செவ்வாயும் தோசை. புதனன்று நல்ல தண்ணீர் வரும், வேலை விட்டதும் நேரே குழாயடி. வியாழன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட், கிருபாதான் சோறு வடிக்க வேண்டும். வெள்ளி துணி, சனி சந்தை. எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் ஒன்று சொல்வாள்.

"நடுவால எதையும் எங்கிட்டக் கொண்டாராத கண்ணு. காச்சலா இருந்தாலும் ஞாயித்துக்கெழமையாப் பாத்து வரச் சொல்லு."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். விளையாட்டுக்குச் சொன்னது பாதி, மெய்யாகவே சொன்னது பாதி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எது எந்தப் பாதி என்று பிரிக்கத் தெரியுமா என்ன?

பொற்கொடியை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. கட்டினவன் லாரியேறிப் போனவன்தான், பூனாவில் இன்னொரு குடும்பம் என்று கேள்வி. இவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வேலை, வீடு, பிள்ளை என்று ஒற்றை ஆளாக ஓடி, போன வருசம் ஒருநாள் மிஷின் மேலேயே மயங்கி விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு வந்த அவள் அண்ணன் அன்புமணி கட்டிலோரம் நின்று, "புள்ளைய நான் தாராபுரத்துக்குக் கூட்டீட்டுப் போறேன் அம்மணி. உன்னால ரெண்டையும் பாக்க முடியாது" என்றார். மின்வாரியத்தில் வேலை, சொந்த வீடு, நல்ல மனுசர். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டாவது துரத்தியிருக்கலாம். அவள் அழுது, முழுப்பரீட்சை முடியும்வரை தவணை கேட்டாள். அதற்குள் இன்னொரு தரம் படுத்தாலோ, பிள்ளைக்கு ஒரு குறை வந்தாலோ அவரே கூட்டிப் போகலாம் என்று ஒப்புக்கொண்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த வாரம் சொல்லும் வழக்கம். அதில் பலனும் இருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு வரும் மயக்கம் நின்றது, வேளைக்குச் சோறு இறங்கியது. பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள இதைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வாரம் சனிக்கிழமை ஷிப்மெண்ட். அன்றைக்கு லீவு போடுகிறவர்கள் திங்கட்கிழமை வரவே வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த நினைப்போடுதான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நல்ல தண்ணீர் டிரம்மைத் திறந்து பார்த்தாள். பாதிக்கும் கீழே கிடந்தது.

வாரத்துக்கு ஒரு தரம் தண்ணீர் விடுகிற ஊர் அது. நல்ல தண்ணீரில் கை கழுவினாலே ஏச்சு விழும். பொற்கொடிக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, விசாரிக்கக்கூட இல்லை, கிருபாவின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"புதங்கெழம வரைக்கும் எதையடி குடிக்கறது? என்ன பண்ணுனே இத்தனையும்?"

"பாவாடை அலசுனேன்."

"பாவாடையா? ஏன், வாசல்ல உப்புத் தண்ணித் தொட்டி இல்லியா?"

"அங்க எல்லாரும் பாப்பாங்கம்மா. உப்புத் தண்ணிக்குக் கறையும் போகுல."

மறுபடி ஓங்கிய கை அப்படியே நின்றது. கறை என்ற சொல் போதும், எந்தத் தாய்க்கும் விளங்கிவிடும்.

"எப்பக் கண்ணு?"

"செவ்வாக்கெழம. பள்ளிக்கூடத்துல, சோத்துக்கு உடறதுக்கு முன்னால."

"ஏஞ்சாமி எங்கிட்டச் சொல்லுல?"

"ஞாயித்துக்கெழம சொல்லலாம்னு இருந்தேன். சொன்னா லீவு போடுவீங்க, வேலை போயிரும். மாமாவும் வந்து கூட்டீட்டுப் போயிருவாரு."

பொற்கொடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை ராத்திரி இதே பிள்ளை தோசை சுட்டுப் போட்டது. வியாழனன்று சோறு வடித்து வைத்திருந்தது. அதன் முகத்தை அவள் எந்த நாளாவது பார்த்தாளா? பார்த்ததாக நினைவில்லை. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது.

பெண் பெரியவளானால் முதலில் தாய்மாமனுக்குத்தான் சொல்ல வேண்டும். சீர் கொண்டுவருகிறவர் அவர். கேட்டதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, எந்த நாள், எந்த நேரம் என்பது. அந்த நேரத்தை வைத்துத்தான் பெண்ணுக்குப் புதுசாக ஜாதகம் எழுதுவார்கள், கல்யாணத்துக்கும் அதைத்தான் பார்ப்பார்கள்.

"இன்னைக்குச் சாயங்காலந்தான்னு சொல்லீருங்கம்மா" என்றாள் கிருபா. "ஆரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறது. பிள்ளையைத் தனியே விட மனசில்லாமல், அடுத்த கட்டடத்து எஸ்.டி.டி. பூத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே போனாள் பொற்கொடி. போகிற வழியெல்லாம் அந்தப் பொய் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. மூன்று நாளாகப் பெற்றவளுக்கே தெரியவில்லை என்றால், பிள்ளையைக் கூட்டிப் போக அண்ணனுக்கு அந்த ஒரு குறை போதாதா? ஒரே ஒரு நாளை மாற்றிச் சொன்னால் பிள்ளை தன்னோடு இருக்கும். ஆனால் இன்னொரு நேரத்துக்கு எழுதின ஜாதகத்தை ஆயுசுக்கும் சுமக்கப் போவது இந்தப் பிள்ளைதானே? அம்மாவைக் காப்பாற்ற இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது. இனிமேல் பொய்யும் சொல்ல வேண்டுமா?

அண்ணன்தான் போனை எடுத்தார். விசயத்தைச் சொன்னதும் குரலே மாறி, "நல்லதும்மா, நல்லது. எந்த நேரம்? இன்னைக்குத்தானா?" என்றார்.

கிருபா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினாள்.

"இல்லீங்கண்ணா. செவ்வாக்கெழம மத்தியானம்."



"இன்னைக்கு வெள்ளிக்கெழம பொற்கொடி."

"ஆமாங்கண்ணா. எனக்கு இப்பத்தான் தெரியும். நான் பாக்காம உட்டுட்டேன்."

"காத்தால வாரோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். கோபமா வருத்தமா, அவளுக்குப் பிடிபடவில்லை.

வெளியே வந்ததும் கிருபா கேட்டாள். "என்னைய அனுப்பீருவீங்களாம்மா?"

"நீ எங்கூட இருக்கோணும்னுதான் சொல்லப்போறேன். ஒத்தாசைக்கு ஆள் வேணும்னும் கேக்கப்போறேன். மாமா என்ன சொல்றாரோ தெரியல சாமி. நாளைக்கு நான் கம்பெனிக்குப் போகுல. ஊட்டுலதான் இருப்பேன்."

வேலை போனால் போகட்டும் என்று சொல்ல அவளுக்குத் தைரியமில்லை. பயமாகத்தான் இருந்தது. பிள்ளையின் தோளை இழுத்து அணைத்துக்கொண்டு, அன்றே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள்.

"வயிறு வலிக்குதா கண்ணு?"

"இப்ப இல்லீங்கம்மா" என்றாள் கிருபா. "செவ்வாக்கெழமதான் ரொம்ப வலிச்சுது."