பிரேக் இன்ஸ்பெக்டர்

குளிர்பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஆவியை மஞ்சுளா முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல், "நீங்கதானே மேடம் பிரேக் இன்ஸ்பெக்டர்?" என்று கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். தோளில் பை மாட்டிய நடுவயது ஆள். கேட்ட பிறகுதான் நிற்பது எழவு வீடு என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டான். பெயர் அன்பரசு என்றும், வாழப்பாடியிலிருந்து வருவதாகவும், சார் இணையத்தில் எழுதும் பிளாக்கைப் பல வருடமாகப் படிப்பதாகவும் சொன்னான். அவனோடு எடப்பாடிக்காரர் ஒருவரும் ஜலகண்டாபுரத்துத் தம்பதியும் வந்திருந்தார்கள். துக்கத்தோடுதான் பார்த்தார்கள். ஆனால் வெகுநாள் பழகியவளைப் பார்க்கிற பார்வை அது. அவளுக்கோ அவர்களில் ஒருவரையும் தெரியாது.

அவள் புருசன் கதிர்வேல் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதியவர். வேலை போக மிச்சமுள்ள மனிதர் முழுவதும் 'நியூட்ரல் கியர்' என்ற பிளாக்கில்தான் குடியிருந்தார். குரோட்டன்ஸ் பதியம் போட்டது, பழைய ரேடியோவைப் பிரித்துவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் முழித்தது, எந்தக் கடையில் பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்பது வரை ஞாயிறு தவறாமல் எழுதுவார். அதில் பெண்டாட்டிக்கு அவர் வைத்த பெயர்தான் பிரேக் இன்ஸ்பெக்டர். லாரி ஓடத் தகுதியானதா என்று சோதித்து எஃப்.சி. கொடுக்கிற அதிகாரியை அந்த ஊர் அப்படித்தான் சொல்லும். பெயர் வைத்த அன்றைக்கே அவளிடம் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு நாளும் அதைப் படித்ததில்லை. படிக்க எங்கே நேரம் இருந்தது?

காலையிலிருந்து அவளைக் குத்திக்கொண்டிருந்தது வேறொன்று. ஆஸ்பத்திரியில் டாக்டர், "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்ட்டாரா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். கூட நின்றிருந்த நாத்தனார் சாலம்மாள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கட்டிப்பிடித்து அழ வருகிற ஒவ்வொருத்தியிடமும் அதே பாட்டுத்தான்.

"ஒரு மாத்தரைய எடுத்துக் குடுக்க நாதியில்லாமப் போச்சே எந்தம்பிக்கு! பொண்டாட்டின்னு ஒருத்தி ஊட்டுக்குள்ளயே இருந்துமே இப்பிடியாச்சே!"

கதிர்வேல் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து வேளா வேளைக்கு மாத்திரையைப் பிரித்துத் தண்ணீரோடு நீட்டியவள் மஞ்சுளாதான். அப்படியும், எப்போதாவது ஒரு வேளை மறந்துவிட்டேனோ என்று மனசு பின்னால் போய்ப் போய்த் தேடிக்கொண்டிருந்தது. மறந்திருந்தால் அவரைக் கொன்றது தானேதான் என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள்.

"சார் எழுதுனதப் படிச்சா வயிறு வலிக்கச் சிரிப்போம் மேடம்," என்றான் அன்பரசு. "எங்களுக்கெல்லாம் நீங்க வேத்து ஆளே இல்ல."

"போன வாரங்கூட எழுதியிருந்தாருங்களே, அந்தக் குரோட்டன்ஸ் சமாச்சாரம்," என்றார் எடப்பாடிக்காரர்.

"என்ன சமாச்சாரங்க?"

"அதானுங்க, நீங்க குடுக்கற மாத்தரைய நாக்குக்கடியில ஒதுக்கிக்கிட்டு, மாடிக்குப் போயித் தொட்டியில துப்பிப்போடுவாருங்களே. 'மாத்தர தின்னாத் தலை சுத்துது, அதான். இப்ப எங்க ஊட்டுக் குரோட்டன்ஸுக்கெல்லாம் பிரஷர் நார்மல்'னு எழுதியிருந்தாருங்க."

அன்பரசு அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். மனிதருக்கு அது விளங்கவில்லை. "பொறவு அந்த பரோட்டாக் கடைங்க. இன்ஸ்பெக்டர் கண்ணுல மண்ணத் தூவி வாரம் ரெண்டு தரம் ஓவர்லோடுன்னு எழுதுவாரு. நல்ல மனுசருங்க." சொல்லும்போதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்பரசு அவரைப் பந்தலின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

மஞ்சுளாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெட்டிக்குள் படுத்திருக்கிறவரை எழுப்பி உட்காரவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டார், கெட்டிக்காரர். முகம் தெரியாத ஊர்க்காரர்களெல்லாம் அறிந்த சங்கதி, ஒரே கூரைக்குள் படுத்து எழுந்தவளுக்கு மட்டும் தெரியவில்லை.

எழுந்து உள்ளறைக்குப் போனாள். மகள் ஷாலினி கட்டிலில் செல்போனோடு உட்கார்ந்திருந்தாள். பெங்களூரிலிருந்து காலையில்தான் வந்து சேர்ந்தவள்.

"அந்த மாத்தரை சங்கதி உனக்குத் தெரியுமா கண்ணு?"

எந்தச் சங்கதி என்று ஷாலினி கேட்கவில்லை.

"சும்மா வெளையாட்டுக்கு எழுதறாருன்னு நெனச்சேம்மா."

"படிச்சயா?"

"படிச்சேன்."

"படிச்சுப்போட்டு என்ன பண்ணுன?"

ஷாலினி அழ ஆரம்பித்தாள். "கீழ கமெண்ட் போட்டேன். இன்ஸ்பெக்டர்கிட்டப் போட்டுக் குடுக்க மாட்டேன், லஞ்சமா எனக்கு ஒரு பரோட்டான்னு..."

வெளியே சாலம்மாள் புதிதாக வந்தவர்களிடம் மாத்திரைக் கதையை முதலிலிருந்து தொடங்கியிருந்தாள். மஞ்சுளா மகளின் கையைப் பிடித்தாள்.

"எந்திரி. உங்கத்தைகிட்ட வந்து சொல்லு. அந்த எழுத்த எடுத்து எல்லார்த்து முன்னாலயும் படிச்சுக் காட்டு."

"அத அப்பா போன்லருந்து அழிச்சுட்டேம்மா. வந்ததுமே."

"ஏஞ்சாமி?"

"அப்பா பேரு கெட்டுப்போயிரும்மா."

"எம்பேரு?"

ஷாலினி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு மூக்கைத் துடைத்தாள்.

எடுக்க நேரமாகிவிட்டது என்று வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மஞ்சுளா வெளியே வந்தாள். அண்ணன் கொண்டுவந்த கோடிச் சேலையை அவள் தோளில் போர்த்தினார்கள். பந்தலோரம் எடப்பாடிக்காரர் இன்னும் கண்ணைத் துடைத்தபடி நின்றார். அவரைக் கூப்பிட்டு, "இப்ப எங்கிட்டச் சொன்னத இவங்ககிட்டயும் சொல்லுங்க," என்றால் போதும், சாலம்மாளின் வாய் அடைபட்டுவிடும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் சொன்னால் அந்தக் குரோட்டன்ஸையும் சேர்த்துத்தான் சொல்வார். கேட்கிறவர்களுக்குத் துக்கத்துக்கு நடுவிலும் உதட்டில் சிரிப்பு எட்டிப்பார்க்கும். பதிமூன்றாம் நாள் காரியம் முடிவதற்குள் சொந்தபந்தம் முழுவதும் அவளைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடும். அவள் வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள். கதிர்வேலைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆண்கள் திரும்பி வந்து குளித்து முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எழவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பக்கத்து வீட்டு ஜெயப்பிரியா சோறும் பருப்புச் சாம்பாரும் ஆக்கிக் கொண்டுவந்தாள். பந்தி போல வரிசையாக உட்காரவைத்து, மஞ்சுளாவின் கையில் தட்டைத் திணித்தாள்.

முதல் வாயிலேயே நாக்கு சுரீரென்றது. உப்பு. புருசனுக்குத் தனியாகவும் தனக்குத் தனியாகவும் எதற்கு ஆக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி உப்பும் உறைப்புமாகத் தின்றால் அவருக்கு ஆசை வராதா என்று, அவரோடு சேர்ந்து அவளும் இத்தனை காலம் உப்பில்லாமலேயே தின்று வந்தாள். அந்த வீட்டில் பத்தியம் இருந்தது அவள் ஒருத்திதான்.

"உப்புத் தூக்கலாப் போச்சுங்களாக்கா?" என்று ஜெயப்பிரியா குனிந்து கேட்டாள்.

எதிர் வரிசையில் சாலம்மாள் சோற்றைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாலினி தலையை நிமிர்த்தவில்லை.

மஞ்சுளா தட்டை நீட்டினாள். "இல்ல கண்ணு. இன்னுங் கொஞ்சம் ஊத்து."