மாவு துப்பிய ஆர்செனிக்

என் மனைவியின் ரொட்டிக்கடையில், ரொட்டியை உப்பவைக்கப் பானையில் புளித்துக்கொண்டிருந்த தாய்மாவு, நான் ஊற்றிய ஆர்செனிக்கை மறுநாள் காலையிலேயே வெளியே துப்பத் தொடங்கியது. ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுகிறவன் நான். ரொட்டி மெத்தென்று வரட்டுமே என்று, கிளிசரின் என நினைத்து ஒரு சீசாவைக் கொண்டுவந்து மாவில் ஊற்றினேன். லேபிள் அழிந்த சீசாவை நம்பி எடுக்க என்னைவிட்டால் ஆள் ஏது? மறுநாள் ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம் ஆர்செனிக் எங்கே என்று கேட்டதும் ஓடிவந்து, ஒரு ரொட்டியும் வேகுமுன் கடையைச் சாத்தினேன். அந்த மாவு கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் வளர்த்தது. என்னைவிட மூத்த உறவு.

பானையிலிருந்து டக் டக்கென்று சாம்பல் மணிகள் தெறித்தன. கூட்டி அள்ளி மேடத்திடம் ஒப்படைத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "உயிரணுவுக்குக் கதவு இருக்குப்பா. கிளிசரின் போற கதவு வழியாத்தான் இதுவும் நுழையும். விஷயம் தெரிஞ்சா கதவைச் சாத்திட்டு, உள்ள வந்ததை இறைச்சு வெளிய தள்ளிடும்."

"மாவு பிழைக்குமா மேடம்?"

"பார்க்கலாம்."

"அப்போ பிழைக்காதா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

ஒரு மாதம் அது, போட்ட புது மாவு எதையும் தின்னவில்லை. பிறகு ஒரு நாள் பானையைத் தாண்டிப் பொங்கியது. சோதித்ததில் விஷம் துளியும் இல்லை. கடை திறந்தது, கூட்டமும் திரும்பியது.

ஆனால் துப்பும் பழக்கம் போகவில்லை. மாவறையில் நான் கால் வைத்தால் அடுத்த நொடி செருப்போடு தெருவில் நிற்பேன். தபால்காரர் முதலில் பதறினார், அப்புறம் ஒதுங்கி வழிவிடப் பழகிவிட்டார். கல்லாவில் இருக்கும் மனைவியின் தம்பி, "மச்சான், வந்தீங்களா, விழுந்தீங்களா?" என்பான். அடுத்த வருடம் பழக்கம் படுக்கையறைக்கும் பரவியது. நான் ஆய்வுக்கூட ஸ்டோர் ரூமில் படுத்தேன்.

"மாவு துப்புதா, நீ துப்புறியா?" என்று மனைவியிடம் கேட்டால், "மாவையே கேளுங்க" என்பாள். மேடத்திடம் போனால், "நீயும் செலினியம்ங்கற தாதுச்சத்து மாதிரிதான். கொஞ்சம் இல்லைன்னா உடம்பு நடக்காது, கூடிட்டா விஷம்" என்றார். நான் அதில் எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு மதியம், தெருவில் நின்றபடியே ஜன்னல் வழியாக மனைவியிடம் கேட்டேன். குரல் எனக்கே கேவலமாக இருந்தது. "நான் வேணுமா, வேணாமா? சுத்தி வளைக்காம சொல்லு."

அவள் கையிலிருந்த மாவைத் துடைத்தாள்.

"வேணும். நேத்தே பானைகிட்டச் சொல்லிட்டேன். உள்ள வாங்க."