சுண்ணாம்புச் சிலுவை

எல்விராவுக்குக் கோபம் வந்தால் முதலில் பாத்திரங்கள்தான் பேசும். அன்று சாயங்காலம் தம்பி கில்பெர்தோ வீட்டுச் சமையலறையில் அவள் காபிப் பானையை அடுப்பில் வைத்த சத்தத்தில், முன்னறையில் இருந்த தம்பி மனைவி நோர்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

கோபப்படக் காரணம் இருந்தது. காலையில்தான் அப்பா செவெரியானோவை அடக்கம் செய்திருந்தார்கள். திரும்பி வந்த கையோடு, அவர் படுத்திருந்த அறையின் தரையில் சுண்ணாம்புப் பொடியால் சிலுவை போட்டாயிற்று. ஒன்பது நாள் சாயங்காலமும் அதைச் சுற்றி ஜெபமாலை சொல்ல வேண்டும். ஒன்பதாம் நாள் சிலுவையின் தலை, கை, கால் என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கமாக அள்ளி, கல்லறையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மெக்சிகோவின் குவெரேரோ மலைப்பக்கத்திலிருந்து சிகாகோவுக்கு வந்தவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடுவதில்லை. ஆள் கூடக் கூட ஆத்மாவுக்கு வழி லேசாகும். கில்பெர்தோ என்னவென்றால், "கொஞ்சம் பேரா வரச் சொல்லு" என்கிறான்.

"கொஞ்சம்னா? வாசல்ல நின்னு டோக்கன் குடுக்கட்டுமா?" என்றாள் எல்விரா.

"அக்கா, இது உன் இருபத்தாறாம் தெரு இல்ல. இங்க தெருவுல நாலு கார் நின்னாலே ஜன்னலைத் திறந்து எட்டிப் பாப்பாங்க."

"பாத்தா பாத்துட்டுப் போறாங்க. செத்தது உன் அப்பன்டா."

கில்பெர்தோ எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினான். புறநகருக்கு வந்ததிலிருந்து அவனுக்கு அவள் தெரு கோழிக்கூடு. "ஒரே சனம், ஒரே பேச்சு, ஒரே சோறு. அமெரிக்காவுக்கு வந்தும் அதே கூட்டுக்குள்ள கிடக்கணுமா?" என்பான். வாதம் வந்த அப்பாவை, உன் வீட்டில் மாடிப்படி ஏற முடியாது என்று சொல்லி இங்கே கூட்டிவந்தான். சொன்னதில் தப்பில்லை. ஆனால் பேச ஆளில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தே மனிதர் போய்ச் சேர்ந்தார். அவளையும் இழுத்துவிட, பின்தெருவில் ஒரு வாடகை வீடுகூடப் பார்த்து வைத்திருந்தான். அவள் புருஷன் பெனீத்தோ பாதி சம்மதம் சொல்லியிருந்தான். மறைப்பானேன், அந்த வீட்டுத் தோட்டத்தைப் பார்த்து எல்விராவும் கொஞ்சம் மயங்கித்தான் போயிருந்தாள்.

இருட்டுவதற்குள் சனம் வந்துவிட்டது. ஜெபம் சொல்லித் தரும் எஸ்தேலா அம்மாள் முன்னால் வந்தாள். ரொட்டிக்கடை லாலா இனிப்பு ரொட்டியைக் கூடையோடு தூக்கிவந்தாள். டயர்க்கடை தாச்சோ, எல்விரா வீட்டில் அப்பா இருந்த காலமெல்லாம் வாரம் தவறாமல் வந்து சவரம் செய்துவிட்டவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். தெரு ஓரமெல்லாம் கார். எஸ்தேலா ஜெபமாலையின் முதல் மணியைத் தொட்டுத் தொடங்க, அறை முழுக்க ஒரே குரலில் பதில் சொன்னபோது, அப்பா செத்த பிறகு முதல்முறையாக எல்விராவுக்கு மூச்சு சீராக வந்தது.

பாதி ஜெபத்தில் நீலமும் சிவப்புமாய் வெளிச்சம் சுவரில் சுற்றியது.

போலீஸ். எதிர்வீட்டிலிருந்து யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், தெரியாத ஆட்கள் கூட்டமாய் இறங்குகிறார்கள் என்று. ஜெபம் நின்றது. லாலா கூடையைப் போட்டுவிட்டு, கூடவே வேலை செய்யும் இரண்டு பேருடன் பின்வாசல் வழியாக நழுவினாள். இந்த நாட்டில் தங்கக் காகிதம் இல்லாதவர்கள் வேறென்ன செய்வார்கள்? அறுபது வயதில் அவள் பின்பக்க வேலியை எப்படித் தாண்டினாள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கில்பெர்தோ வாசலில் நின்றான். எல்விரா காபித் தட்டோடு அவன் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் தாச்சோ.

"யார் இவங்க எல்லாம்?" என்று போலீஸ்காரர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"எனக்குத் தெரியாது சார்" என்றான் கில்பெர்தோ. "அப்பாவுக்குப் பழக்கமானவங்க போல. இப்பவே அனுப்பிடுறேன்."

போலீஸ்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். தாச்சோ தொப்பியை மாட்டிக்கொண்டார். எல்விராவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"தெரியாதா? உனக்கு இவங்களைத் தெரியாதா?"

"போலீஸ்காரன்கிட்ட என்னத்தச் சொல்றது? நான் இங்க குடியிருக்கணும்ல?"

"இரு. நல்லா இரு. உன் வாசல் புல்தரையையே கட்டிக்கிட்டு இரு. எங்கப்பாவை உன்கிட்ட விடமாட்டேன்."

அறைக்குள் போனாள். மண்டியிட்டு, இரண்டு கையாலும் சுண்ணாம்புச் சிலுவையை அள்ளித் தன் துப்பட்டாவில் கொட்ட ஆரம்பித்தாள். எஸ்தேலா பதறிவிட்டாள்.

"ஐயோ, ஒன்பது நாளுக்கு முன்னாடி தொடக் கூடாது, பெண்ணே! ஆத்மா வழி தெரியாம நிக்கும்!"

"இருபத்தாறாம் தெருவுக்கு எங்கப்பாவுக்கு வழி தெரியாதா? கண்ணைக் கட்டி விட்டாலும் வருவாரு. இந்த வீட்டுலதான் அவருக்கு வழியே தெரியல."

எஸ்தேலா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். பிறகு தானும் குனிந்து, மிச்சத்தை விரலால் கூட்டிக் கொடுத்தாள். பாவம் என்றால் இருவருக்கும் பாதிப் பாதி.

மறுநாள் எல்விராவின் மாடிவீட்டில் சிலுவை மறுபடி விரிந்தது. இடம் போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்து ஜெபம் சொன்னார்கள். கீழ்வீட்டுக்காரன் யாரும் சொல்லாமலே பாட்டை நிறுத்தினான். கார்கள் இரட்டை வரிசையில் நின்றன. எடுக்க வேண்டியவன் ஒரு தடவை ஹாரன் அடித்தான், யாரோ ஓடிப்போய் நகர்த்தினார்கள். யார் இவர்கள் என்று எவரும் கேட்கவில்லை. காலில் கட்டோடு லாலா வந்தாள். கோழிக்கூடுதான். கூட்டுக்கு வெளியே பருந்து சுற்றுகிறபோது கோழி வேறெங்கே போகும்? பின்தெரு வீடு வேண்டாம் என்று பெனீத்தோவிடம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

கில்பெர்தோ வரவேயில்லை. எல்விரா தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருவை விட்டுப் போய்ப் பல வருஷமாகிவிட்டது, முகங்கள் மறந்திருக்கும், சடாரென்று கேட்டதும் வாயில் அப்படி வந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

ஒன்பதாம் நாள் வந்தான். கோட்டு போட்டிருந்தான், கண் வீங்கியிருந்தது. சிலுவையின் தலைப்பக்கத்தை மகன்தான் அள்ள வேண்டும்.

"நான் எடுக்கலாமாக்கா?"

"என்கிட்ட எதுக்குக் கேக்குற? இவங்ககிட்ட கேளு. உனக்குத் தெரியாதவங்களாச்சே."

கில்பெர்தோ தாச்சோவின் முன்னால் போய் நின்றான்.

"தாச்சோ ஐயா, என் முதல் காருக்குக் காசு வாங்காம டயர் போட்டீங்க. மன்னிச்சுக்கங்க." திரும்பினான். "லாலாம்மா, ஸ்கூல் விட்டு வர்றப்ப சூடா ரொட்டி குடுப்பீங்க. எஸ்தேலாம்மா, சின்ன வயசுல சர்ச்சுல முதல் நன்மை வாங்குறதுக்கு ஜெபம் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்." அப்படியே வரிசையாகப் போனான். கீழ்வீட்டுக்காரன் பேர், அவன் அண்ணன் பேர், படிக்கட்டில் நின்ற, தெருவில் சோளம் விற்கிறவர் பேர், ஒன்றுகூடத் தப்பவில்லை.

சனத்துக்கு மனசு வெண்ணெய். லாலா அழுதாள். தாச்சோ அவன் தோளைப் பிடித்து அழுத்திச் சிலுவையின் தலைமாட்டில் உட்கார வைத்தார். எஸ்தேலா பாட்டை எடுத்தாள்.

எல்விரா சமையலறைக்குள் போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றாள். பெனீத்தோ பின்னாலேயே வந்தான்.

"அதான் வந்துட்டானே. எல்லார் பேரையும் சொல்லி மன்னிப்பும் கேட்டுட்டான். இன்னும் ஏன் இங்க வந்து நிக்குற?"

"மறந்துட்டான்னு நெனச்சு மனசை ஆத்தி வெச்சிருந்தேன் பெனீத்தோ" என்றாள். "ஒரு பேர்கூட மறக்கல பாரு, படுபாவி."