வாய்தா

கோர்ட்டில் டவாலி கூப்பிட்டது தன் பேரைத்தான் என்று ஹேமலதாவுக்கு உடனே உறைக்கவில்லை. எழுந்து முன்னால் போய் நின்றாள். எதிர்ப்பக்கம் அவள் புருஷன் துரை நின்றிருந்தான். சம்மன் கொண்டுபோனவர்களிடமெல்லாம் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னவன், இன்றைக்குத்தான் வந்திருக்கிறான். காதோரம் நரைத்திருந்தது.

தொண்ணூற்று மூன்றில் விவாகரத்து கேட்டு மனு போட்டபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அடி தாங்காமல் ஆரணிக்கு, அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். சீக்கிரம் முடிந்துவிடும் என்றார் வக்கீல் சிவப்பிரகாசம். ஒரு நீதிபதி மாற்றலாகிப் போனார். அடுத்தவர் வர மாசக்கணக்காயிற்று. வந்தவர் முன்னால் கேஸ் கட்டைக் காணோம் என்றார்கள். வாய்தா, மறுபடி வாய்தா. அதற்குள் துரை போளூரில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தி, அவன் மகள் ஸ்கூலுக்கே போக ஆரம்பித்திருந்தாள். ஹேமலதா மட்டும் இன்னும் அவன் பெண்டாட்டி.

அவள் வேலை செய்த பட்டுச்சேலைக் கடைக்கு வந்துபோகிறவன் வெற்றிச்செல்வன். சேலை டிசைனுக்குத் தறியில் மாட்டும் துளை அட்டை அடித்துக் கொடுப்பவன். "கட்டிக்கிறேன்" என்று ஒருநாள் சொன்னான். "கேஸ் முடியட்டும்" என்றாள். அதற்குப் பிறகு அவன் அவசரப்படுத்தவே இல்லை. அவன் தம்பிகளுக்குக் கல்யாணமாயிற்று. அவனுக்குப் பெண் பார்த்துப் பார்த்து அவன் அம்மா ஓய்ந்துபோனாள். வாய்தா நாட்களில் கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் நிற்பான். வெளியே வந்து இல்லை என்று அவள் தலையாட்டினால், சரி என்று அவனும் ஆட்டிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விடுவான்.

இந்த நீதிபதி அவளைவிடச் சின்னப் பெண். கட்டைப் புரட்டி, மனுவின் தேதியைப் பார்த்தவர் நிமிர்ந்தார். துரை தனக்கு ஆட்சேபம் இல்லை என்றான்.

"நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?"

"எல்லாம் சொல்லணும்னுதாங்க இருந்தேன்" என்றாள் ஹேமலதா. "இவ்ளோ நாளாச்சா, இப்ப ஒண்ணும் வாய்ல வர மாட்டேங்குது."

அடுத்த கேஸ் வக்கீல் கட்டோடு எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார்.

"மெதுவா சொல்லுங்க. நான் கேக்கறேன்."

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையினூடேயே சொன்னாள். மண்டையில் தையல் போட்டது, மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது. துரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் தீர்ப்பாயிற்று.

டீக்கடையில் வெற்றிச்செல்வன் கிளாஸைக் கையில் வைத்தபடி அவள் முகத்தையே பார்த்தான். "முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சு."

இருவரும் நடந்தார்கள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"எனுக்கு முப்பத்தேழு ஆவுதுங்க" என்றாள். "இனிமே கொழந்த பொறக்கும்னு சொல்ல முடியாது. உங்க அம்மாகிட்ட பேசுங்க. ஒரு மாசம் யோசிச்சிகினு சொல்லுங்க."

"நீயும் வாய்தா குடுக்கறியா?" என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்ற பிறகும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவன் சைக்கிளை மெதுவாகத் தள்ளினான்.

அரிசி மில்லைத் தாண்டும்போது வானம் கறுத்துக் காற்று எழுந்தது. களத்தில் புழுங்கல் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதை வாரிக் குவித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "கொஞ்சம் புடிங்க, ஜல்தி" என்று கூப்பிட்டாள். வெற்றிச்செல்வன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினான். தார்ப்பாயின் ஒரு முனையை அவன் பிடிக்க, மறுமுனையை ஹேமலதா பிடித்தாள். காற்று உள்ளே புகுந்து பாய் ஆள் உயரத்துக்கு உப்பியது. அந்தப் பக்கம் அவன் முகம் தெரியவில்லை. கை மட்டும் தெரிந்தது. முதல் தூறல் பாயின்மேல் விழ, இருவரும் அதை மெல்ல இறக்கினார்கள்.