குழாய் டயர் சைக்கிள்

என் அப்பாவின் சைக்கிளை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கர்ன்ஸி தீவு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டுத்தான் என் கணவர் சிரிலை அங்கே அழைத்துப் போனேன். போரின்போது ஜெர்மன்காரன் எங்கள் தீவைப் பிடித்து வைத்திருந்த ஐந்து வருடத்தில் ரப்பர் ஏது? தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை வெட்டி டயராக மாட்டிய சைக்கிள் அது. பரணில் கிடந்ததை நான்தான் கொடுத்தேன். ‘இதில்தான் அப்பா எங்களுக்குப் பால் கொண்டுவந்தார்’ என்று அட்டையில் எழுதியதும் நான்தான்.

வாசலில் கிழங்கை வறுத்துப் பொடித்த அந்தக் காலத்துக் காப்பித் தூள் இருந்தது. "இதக் குடிச்சு வளந்ததாலதான் அடேலு, உன் சமையலத் தாங்குறேன்" என்றார் சிரில்.

சைக்கிளைப் பார்த்ததும் சுற்றிக் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றின் முன்னால் மண்டியிட்டார். அதன் கறுப்புப் பெயின்டைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். அடியில் பச்சை. பின் மட்கார்டில் கோக்கோ டப்பாத் தகரத்தில் ஓர் ஒட்டு.

அந்த ஒட்டை நான் பார்த்ததில்லை, அதைப் பற்றிச் சிரில் சொல்லி நாற்பத்தொரு வருடமாகக் கேட்டிருக்கிறேன். சிரிலின் அப்பா ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவர். பச்சை சைக்கிள் திருடுபோன பிறகு மரச் செருப்போடு தினமும் ஆறு மைல் நடந்தார். "எடுத்தவன் கால் அழுகிப் போகட்டும்" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் சிரில் சாபம் விடுவார். எதிரில் என் அப்பா தலைநிமிராமல் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைப்பார். மாப்பிள்ளை மேல் பாசம் என்று நினைத்தேன். பாசமும்தான்.

சிரில் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நல்ல வண்டி. உங்கப்பா நல்லாப் பாத்துக்கிட்டிருக்காரு. வா, டீ குடிக்கலாம்."

இருமலைக்கூட அடக்கத் தெரியாத மனுஷன், எனக்காக இதை முழுங்கப் பார்க்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

காப்பாளர் ஹெட்லி சிரித்துக்கொண்டே வந்தார். "எப்படி இருக்கு அடேல்? உங்கப்பா பாத்தா பூரிச்சிருப்பாரு!"

"ஹெட்லி, அந்தக் கயித்த அவுத்து விடுங்க. இது சிரிலோட அப்பா வண்டி. எங்கப்பா திருடுனது."

சுற்றிப் பார்க்க வந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். சிரிலின் முகம் சிவந்தது. "வெக்கமே இல்லையாடி உனக்கு? இத்தன பேரு முன்னால!" கண் கலங்கியிருந்தது.

"இல்ல. போங்க உள்ள."

ஹெட்லி கயிற்றை அவிழ்த்தார். சிரில் உள்ளே போய்க் கைப்பிடியைப் பிடித்தார். "தெருமுனை திரும்பும்போது அப்பா ரெண்டு தடவ மணி அடிப்பாரு. நாங்க எல்லாம் வாசலுக்கு ஓடுவோம்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

முதல் தடவை கட்டைவிரல் வழுக்கியது. பிறகு மணி அடித்தது. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை அடித்தார்.