ஜெஸிந்தாவின் கட்டைவிரல்

ஏழுமலையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் எங்கள் எஸ்டேட்டின் கணக்குப்பிள்ளை. தேயிலை விலை விழுந்த வருஷம் மேனேஜர் முகம்கூட வாடிப்போனது. இவன் மட்டும் பூரித்துக் கிடந்தான். தற்காலிக ஆட்களைச் சேர்ப்பதும் நிறுத்துவதும் இவன் கைக்கு வந்துவிட்டது.

இரண்டு வருஷத்தில் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது சட்டம். நிரந்தரமானால்தான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு எனக்கு நிற்கும். அது என் வீட்டுக்காரர் வேலைக்குக் கொடுத்த வீடு. அவர் செத்த பிறகு, சித்திரைக்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது.

நானூற்று எழுபதாவது நாள் ஏழுமலை என்னை நிறுத்தினான். பதினைந்து நாள் கழித்து அவனே கூப்பிட்டு, திருப்பூருக்குப் போய்விட்ட ஜெஸிந்தாவின் பெயரில் வேலைக்கு வரச் சொன்னான். சின்னம்மையாகிய நான் அன்றிலிருந்து ஜெஸிந்தா. இங்கே அது புதிதல்ல. பாதிப் பேர் அடுத்தவர் பெயரில்தான் கொழுந்து பறித்தோம். அதையும் தயவு என்று நினைத்து அவனைக் கும்பிட்டோம். அந்தக் கும்பிடை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

வாராவாரம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவள். ஆனால் பேனாவைக் கேட்டால், "நீ எழுதி முடிக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சுரும், ரேகைய வையி" என்பான். எல்லார் முன்னாலும் சிரிப்பான். வைத்தேன், இரண்டு பெயருக்கும்.

இரண்டு பெயரிலும் உழைத்த நாட்களைச் சேர்த்து நிரந்தரமாக்கச் சொல்லி மனுக் கொடுத்தேன். குன்னூரில் தொழிலாளர் அதிகாரி முன்னால், சின்னம்மை வேலையை விட்டு நின்றுவிட்டாள், ஜெஸிந்தா வேறு ஆள் என்று ஏழுமலை சாதித்தான். தவளை தன் வாயால் கெடும். இவன் தன் மையால் கெட்டான். ஆள் குறைப்பதற்காக, கையால் கிள்ளுவதற்குப் பதில் கொழுந்து வெட்டும் கத்திரியை எங்களிடம் கொடுத்திருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அது என் கட்டைவிரலைக் குறுக்கே கிழித்திருந்தது.

"ரெண்டு பேர்லயும் இருக்கற ரேகையப் பாருங்க சார்," என்று விரலை நீட்டினேன். "பேரத்தான் மாத்துனாங்க. தழும்பு என்னுதுங்க."

அதிகாரி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

என்னை நிரந்தரமாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வீடு நின்றது. மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கூப்பிடும்போது, ஏழுமலை வேண்டுமென்றே "ஜெஸிந்தா" என்றான். நான் வாய் திறக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். பெயர் கூப்பிட்டு முடியாமல் யாரும் மலைக்கு ஏற முடியாது. முப்பது பெண்களும் தூறலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். மேனேஜரின் ஜீப் சத்தம் கேட்ட பிறகுதான் அவனுக்கு என் பெயர் ஞாபகம் வந்தது.

"சின்னம்மை."

"சத்தமாக் கூப்பிடுங்க," என்றேன். "கேக்கலைங்க."