தூக்கிய கை

முதல் வாய்தாவின்போது என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவே இல்லை. பியூன் மூன்று முறை "உத்தமன்" என்று கத்தியும், கோர்ட்டின் பின்சுவரில் சாய்ந்து நின்றதோடு சரி. ஆள் வரவில்லை என்று வாரண்ட் போட்டுவிட்டார்கள். அதை ரத்து செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் எங்கள் ஏரியா அடுகோடியில் பஸ் ஏறும்போதே சொல்லிவிடுவேன்.

"பேரு காதுல விழுந்தவுடனே கையத் தூக்கி 'சார்'னு சொல்லுய்யா."

இரண்டு வருஷமாக அவரும் தூக்கிக்கொண்டுதான் இருந்தார்.

செய்யாத குற்றத்துக்குத்தான் இந்த அலைச்சல். இவர் ஓட்டும் முதலாளியின் டெம்போ சிக்னலில் ஒருவரை இடித்துக் காலை உடைத்துவிட்டு நிற்காமல் போனது. ஓட்டியவன் முதலாளி மகன் ராகேஷ். இவர் அன்று காய்ச்சலில் வீட்டில் கிடந்தார். ஆனாலும் போலீசில் முதலாளி சொன்னது, "டிரைவர் உத்தமன்தான்" என்று. ஓட்டியவன் முகத்தைப் பார்த்த ஒரே ஆள், சிக்னல் ஓரத்தில் டீ விற்கும் கோவிந்தப்பா. அவர் சாட்சி சொல்லும் நாள் இன்று.

எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தேன். எங்கள் வக்கீல் சுப்ரியா இவரைப் பின்சுவர் ஓரம், மற்ற கேஸ்காரர்களோடு நிறுத்தினார்.

"சாட்சி தானா அடையாளம் காட்டணும். நீங்க அசையாம நில்லுங்க, போதும்."

முன் பெஞ்சில் முதலாளி, பக்கத்தில் ராகேஷ். போனைத் தடவிக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

"வண்டி ஓட்டினவர் இங்க இருக்காரா?" சர்க்கார் வக்கீல் கன்னடத்தில் கேட்டார்.

கோவிந்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பின்சுவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் வீட்டுக்காரரைத் தாண்டிப் போனார், நிற்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. பார்வை மெல்ல முன் பெஞ்சுக்கு வந்தது. ராகேஷ் மேல் நின்றது. அவர் உதடு அசைவதை நான் பார்த்தேன்.

சர்க்கார் வக்கீலுக்குப் பொறுமை போய்விட்டது. ஃபைலைத் தட்டினார்.

"டிரைவர் உத்தமன்! உத்தமன்! இருக்காரா, இல்லையா?"

"சார்!"

பின்னால் ஒரு கை உயர்ந்தது.

கோர்ட்டில் சிரிப்பு. கோவிந்தப்பா திரும்பிப் பார்த்தார். வேலை முடிந்த நிம்மதி அவர் முகத்தில்.

"இவரே சார்."

அந்தக் கையை அங்கேயே ஒடித்துப் போடலாமா என்று வந்தது எனக்கு. ஏறிய கையை இறக்கக்கூடத் தெரியாமல் நின்றார் மனுஷன். அப்புறம் அழுகைதான் வந்தது.

சுப்ரியா துள்ளி எழுந்தார். "அவர் கையைத் தூக்குறதுக்கு முன்னாடி நீங்க யாரைப் பார்த்துட்டு இருந்தீங்க?"

கோவிந்தப்பா தயங்கினார். பிறகு முன் பெஞ்சைக் காட்டினார்.

முதலாளிக்குப் பக்கத்தில் அவருடைய தோல்பை மட்டும்தான் இருந்தது. ராகேஷ் எப்போது எழுந்து போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜட்ஜம்மா டைப்பிஸ்ட்டிடம் பதிவு செய்யச் சொன்னார். சாட்சி எதிரியை, அதாவது இவரை, அடையாளம் காட்டினார். வக்கீல் கேட்டபோது காலியான இடத்தைக் காட்டினார். மற்ற விசாரணை அடுத்த வாய்தாவில்.

தேதி சொல்வதற்காகப் பியூன் கூப்பிட்டார். "உத்தமன்!"

இவர் கையைத் தூக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உத்தமன்!"

தூக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.